சாலை தெரிகிற கட்டில்

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் வழியனுப்பு சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். முதலில் சொன்னது யாரென்று தெரியாது, ஆனால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. வயதானவர்களில் சிலர் எலும்பு முறிவோ நிமோனியாவோ தேறிய பிறகு இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்பார்கள். வீட்டுக்குப் போகத் தெம்பு இருக்காது, மருத்துவமனையில் வைத்துக்கொள்ள நோயும் இருக்காது. அவர்களைப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பி வைப்பதுதான் அவர் வேலை.

அனுப்பி வைப்பது என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, மடியில் ஃபைலை வைத்துக் கதவைச் சாத்துவது என்றுதான் முன்பெல்லாம் நினைத்தார்கள். சிஸ்டரும் வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தார். அப்போது ஒரு அம்மாளை இல்லத்துக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து, அந்த அம்மாள் படுத்திருந்த கட்டிலின் பக்கத்து மேசை டிராயரைச் சுத்தம் செய்தபோது உள்ளே ஒரு பல் செட் இருந்தது. இல்லத்தில் அந்த அம்மாளுக்குப் பல்லே கிடையாது என்று நினைத்து, இத்தனை வாரமும் எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் பொக்கை வாயோடு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விழுங்கியிருக்கிறார். சிஸ்டர் பல் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அன்று மாலையே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் அனுப்பியதில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்பார். "அங்கே போனா எது இல்லாம உங்களால இருக்க முடியாது?" முதலில் பலரும் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் "எனக்கென்னம்மா வேணும்" என்பார்கள். சிஸ்டர் எழுந்துபோக மாட்டார். கொஞ்ச நேரத்தில் உண்மை வரும். ஒருவருக்கு எழுந்தவுடன் டீ வேண்டும், குளித்த பிறகு கொடுத்தால் அது டீயே இல்லை. ஒரு அம்மாளுக்கு ஆண் கை பட்டுக் குளிப்பாட்டக் கூடாது. இன்னொருவருக்குத் தன் செருப்பு கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். நடக்க முடியாதவருக்குச் செருப்பு எதற்கு என்று இல்லத்துக்காரர்கள் கேட்டபோது, "நடக்கறதுக்கு இல்ல, நம்பறதுக்கு" என்று சிஸ்டர் வாதாடி வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் எலக்ட்ரீஷியன், கிண்டல் பேர்வழி. "ஊரையே அனுப்பி வைக்கிறே, என்னை எப்ப அனுப்பப் போறே?" என்பார்.

"உங்களை எந்த இல்லத்துல எடுப்பாங்க? மூணாம் நாளே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப கேரண்டி பீரியடு இருக்குன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே சட்னி அரைக்கிற சத்தத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். வேலையில் பேர் கெடாமல் வாழ்ந்தவர் சிஸ்டர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதுதான் அந்த லாரி டிரைவர் வந்தார்.

டிரைவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்து, வார்டின் கடைசிக் கட்டிலில் கிடந்தார். கட்டிலின் வலப்பக்கம் சுவர். அங்கே படுத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சில் வார்டே அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டது. விழித்தால் ஒலிபரப்பு தொடங்கும், தூங்கினால்தான் நிற்கும்.

"ஒரு தடவை கண்ணாடி லோடு ஏத்திட்டுப் போனேன் சிஸ்டர். பெரிய பெரிய நிலைக்கண்ணாடி, பின்பக்கம் பார்த்து அடுக்கியிருந்தாங்க. பின்னால வந்தவன் ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கல. தன் மூஞ்சியைத் தானே பார்த்துப் பயந்து ஒதுங்கிட்டான்."

"கதை விடறீங்க."

"விடறதா? லோடு இறக்கற வரைக்கும் ஒரு கீறல் விழலையே!"

பேசும்போது அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பார்வை நேர் எதிரே இருக்கும், பேச்சு மட்டும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் போகும். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவர், பக்கத்து சீட்டில் கிளீனரை வைத்துப் பேசிப் பழகியவர், வேறு எப்படிப் பேசுவார் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்தால் வண்டியில் ஏறியது போலவே இருக்கும்.

மகள் ஒருத்திதான். வேறு ஊரில், தையல் ஆலையில் வேலை. அவள் வீடு கீழ்த்தளம்தான், அப்பாவுக்கென்று ஓர் அறையும் உண்டு. ஆனால் அவளும் கணவரும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் கணக்கு ஒன்றே ஒன்றுதான். கட்டிலிலிருந்து தானாக எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் திரும்ப அப்பாவால் முடிந்தால் மகள் வீடு. முடியாவிட்டால் இல்லம்தான், கடைசிவரை. மூன்று மாதம் பராமரிப்பு இல்லத்தில் இருந்து நடை பழகட்டும், பிறகு கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும் தெம்பாக இருக்கிறது, நடந்துவிடுவார் என்றும் சொன்னார்.

சிஸ்டர் தன் கேள்வியைக் கேட்டார். டிரைவர் யோசிக்கவே இல்லை.

"ரோடு தெரியணும் சிஸ்டர். படுத்துக்கிட்டே வண்டி போறதைப் பார்க்கணும். இங்கே பாருங்க, எதிரே ஒரு பச்சை ஸ்கிரீன். ஒரு மாசமா சிக்னல்ல நிக்கற மாதிரி இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அன்று மகளும் வந்திருந்தாள். சிஸ்டர் அவளிடமும் கேட்டார். "அப்பாவைப் பத்தி அங்கே இருக்கறவங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்காம்மா? பழக்கம், கோபம், பயம், எதுவானாலும் சொல்லுங்க."

மகள் வாயைத் திறந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர். நிறையப் பேசுவார், அவ்வளவுதான்" என்றாள்.

"அதை நாங்களே கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் சிஸ்டர். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் சொல்ல வந்தது எங்கோ போய்விட்டது. சிஸ்டர் அதைக் கவனிக்காமல் இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸை நினைத்து மகள் தடுமாறுகிறாள் என்று தானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இல்லம் இருந்தது. சாலைப் பக்கத்து அறை ஒன்று காலியாகிற வரை சிஸ்டர் டிரைவரை அனுப்பாமல் இழுத்துப் பிடித்தார். அனுப்பிய அன்று தானும் கூடவே போனார். அறை சின்னது. ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில், தலைமாடு ஜன்னல் பக்கம். அப்படிப் படுத்தால் ஜன்னல் தலைக்குப் பின்னால் போய்விடும்.

"கட்டிலைத் திருப்பிப் போடணும்" என்றார் சிஸ்டர்.

இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் முகம் சுளித்தார். "எல்லா ரூம்லயும் இப்படித்தான் போட்டிருக்கோம். பெல் சுவிட்ச் இந்தப் பக்கம்தான் இருக்கு."

"வயரை நீட்டிக்கலாம். என் வீட்டுக்காரரையே அனுப்பறேன், காசு வேண்டாம்."

சிஸ்டர் விடாக்கண்டர். இரண்டு பணியாளர்கள் வந்து கட்டிலைத் திருப்பினார்கள். டிரைவரைப் படுக்க வைத்ததும் கால்மாட்டில் ஜன்னல், ஜன்னலில் சாலை, சாலையில் பாரம் ஏற்றிய லாரிகள். ஒரு டாரஸ் லாரி கியர் மாற்றி ஏறுகிற சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

"ரெண்டாவதுல போட்டிருக்கணும், மூணுல ஏத்தறான் மடையன்" என்றார் டிரைவர். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து சிஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து வழக்கம் போல இல்லத்துக்குப் போன் செய்தார்.

"அவரா? தங்கமான மனுஷன் சிஸ்டர்" என்றார் பொறுப்பாளர் அம்மாள். "அமைதியா இருக்கார். ஒரு தொந்தரவும் இல்ல."

இந்தத் தொழிலில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. புதிதாக அனுப்பப்பட்டவர்களைப் பற்றிப் போன் செய்தால் வழக்கமாக வருவது அழுகிறார், கத்துகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டுகிறார் என்பதுதான். தொந்தரவில்லை என்று காதில் விழுந்ததும் சிஸ்டர் நிம்மதியாகப் போனை வைத்தார். ரேடியோ எப்படி அமைதியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பிற்பாடு அவர் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் இந்த ஒன்றுதான். வார்டில் வேறு யாராவது அந்தப் பதிலைக் கேட்டிருந்தால்கூட, "அமைதியா? அவரா?" என்று கேட்டிருப்பார்களே.

மூன்றாவது மாதம் வேறொரு நோயாளியைக் கொண்டுவிட அதே இல்லத்துக்குப் போனார். அந்த வேலை முடிந்ததும், டிரைவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாலைப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"அவரை உள்பக்கத்துக்கு மாத்திட்டோம் சிஸ்டர்" என்றார் பொறுப்பாளர் அம்மாள். உள்பக்கம் என்றால் நினைவு தடுமாறுகிறவர்களுக்கான கூடம். கதவுக்கு வெளிப்பூட்டு உண்டு.

"ஏன்? நல்லாத்தானே இருந்தார்?"

"எங்கே நல்லா இருந்தார்? கேட்டதுக்குப் பதில் வராது. ஒரு நேரம் தெளிவா பேசுவார், ஒரு நேரம் சுவரைப் பார்த்த மாதிரி இருப்பார். வயசாயிடுச்சு, இடுப்புல ஆபரேஷன் வேற. இப்படி ஆகறது உண்டுதானே?"

உண்டுதான். சிஸ்டரும் பலரிடம் அதைப் பார்த்திருக்கிறார். அந்த வழியாக வந்த, நடை பழக்குகிற பிசியோ தம்பி நின்று தன் பங்குக்குச் சொன்னான்.

"நான் எவ்வளவோ பார்த்தேன் சிஸ்டர். எழுந்திரிங்க ஐயான்னா சிரிச்சிக்கிட்டே தலையை ஆட்டுவார், எழுந்திரிக்க மாட்டார். காலை மடக்குங்கன்னா அதுக்கும் தலையாட்டல். சரி, இன்னிக்கு வேண்டாமான்னு கேட்டா அதுக்கும் ஆமான்னு தலையை ஆட்டுவார். விருப்பமில்லாதவரை எத்தனை நாள் இழுத்து நிறுத்தறது? விட்டுட்டோம்."

உள்கூடத்தில் டிரைவர் பாதியாக இளைத்துக் கிடந்தார். சிஸ்டர் கால்மாட்டில் நின்று "பெரியவரே" என்றார். கண்கள் கூரையிலேயே இருந்தன. சிஸ்டர் உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தார். சும்மா திரும்பிப்போக மனம் வராமல், கட்டிலின் இடப்பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பெரியவரே, ரேடியோ நின்னு போச்சா?"

கேட்ட மாத்திரத்தில் டிரைவரின் உதடு அசைந்தது. "ஸ்டேஷன் கிடைக்கல சிஸ்டர்" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

சிஸ்டர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"நல்ல இடம்தான். ரோடெல்லாம் காட்டினீங்க" என்று டிரைவர் தொடர்ந்தார். குரல் பழைய குரல் இல்லை, பயன்படுத்தாத கதவு போலக் கரகரத்தது. "ஆனா இங்கே யாரும் என்கிட்ட பேசறதில்ல. வராங்க, வாயை அசைக்கறாங்க, போர்வையைச் சரி பண்ணிட்டுப் போயிடறாங்க. நான் ஏதாவது கேட்டாலும் பதில் கிடையாது. என்ன தப்பு பண்ணேன்னு தெரியல."

வாயை அசைக்கிறார்கள் என்ற சொல் சிஸ்டருக்கு உறைத்தது. மெதுவாக எழுந்து, டிரைவர் பார்க்காதபடி தலைமாட்டைச் சுற்றி வலப்பக்கம் போனார். அங்கே நின்று, சாதாரணக் குரலில், "உங்க பொண்ணு வந்திருக்கா" என்றார்.

டிரைவர் இடப்பக்கம் காலியாக இருந்த நாற்காலிக்குப் பேசிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "வலது காது எத்தனை வருஷமா கேக்கல?" என்று கேட்டார்.

முதல் முறையாக டிரைவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சத்தமா சொல்லாதீங்க. லைசென்ஸ் போயிடும்."

அதை அவர் விளையாட்டாகச் சொன்னாரா வேறு மாதிரியா என்று சிஸ்டருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

விஷயம் இதுதான். வலப்பக்க ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு, எஞ்சின் இரைச்சலும் எதிர்காற்றும் அறைய அறைய ஓட்டியதில் நடுவயதிலேயே அந்தக் காது செத்துப்போயிற்று. வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். டாக்டர் பரிசோதனையில் இரண்டு காதுக்கான கேள்விக்கும் ஒரே காதால் பதில் சொல்லித் தப்பித்தார். ஆட்களை எப்போதும் தன் இடப்பக்கம் வைத்துக்கொள்ளப் பழகினார். புரியாததற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டப் பழகினார். வண்டியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மிச்சமிருந்த இடது காதும் வயதுக்கேற்ப மங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மட்டுமே எட்டும் அளவுக்கு வந்திருந்தது.

மருத்துவமனையில் வலப்பக்கம் சுவர் இருந்ததால் டாக்டர் முதல் துடைப்பக்காரம்மா வரை எல்லோரும் நல்ல காதின் பக்கமே வந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இல்லத்து அறையிலும் கட்டில் முதலில் அப்படித்தான் கிடந்தது. சிஸ்டர் திருப்பிப் போட்டார். நல்ல காது சுவரைப் பார்த்தது, செத்த காது உலகத்தைப் பார்த்தது. ஜன்னல் வழியாக வந்த லாரிச் சத்தம் மீதியை மூடியது. உள்கூடத்துக்கு வந்த பிறகு இடப்பக்கம் வந்தவர்களுக்குப் பதில் கிடைத்தது, வலப்பக்கம் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் தடுமாற்றம் என்று அவர்கள் முடிவு கட்டியதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது?

சிஸ்டர் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. கணவர் கிண்டல் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கேட்டுட்டுத்தானே பண்ணே" என்றார் கடைசியில்.

"அவர் கேட்டதைக் கொடுத்தேன். அதைக் கொடுத்தா வேற எது போகும்னு பார்க்கல."

மறுநாளே டிரைவரை உள்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பொறுப்பாளர் அம்மாள் கண் கலங்கி, தானே நின்று வேறோர் அறையில் கட்டிலைச் சரியாகப் போட்டார். அங்கிருந்து சாலை தெரியாது. பரவாயில்லையா என்று கேட்டதற்கு, "ரோடு பார்த்தது போதும்மா, மனுஷங்களைப் பார்க்கறேன்" என்றார் டிரைவர். இரண்டே நாளில் ஒலிபரப்பு மறுபடி தொடங்கிவிட்டது. கால் மட்டும் வரவில்லை. பிசியோ தம்பி குற்ற உணர்ச்சியோடு காலையும் மாலையும் வந்து பாடுபட்டான். ஆனால் அசையாமல் கிடந்த மாதங்களில் முழங்கால்கள் மடங்கி இறுகிவிட்டன, தொடைச் சதை வற்றிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, உட்கார வைக்கலாம், நிற்பது இனி நடக்காது என்று சொல்லிவிட்டார். ஆரம்பத்திலேயே நடக்க வைத்திருந்தால் என்று தொடங்கியவர், சிஸ்டரின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

மகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தாள். வந்தவள் யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து அப்பாவின் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் சிஸ்டருக்கு எல்லாம் புரிந்தது.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் மகளே பேசினாள். "எனக்குத் தெரியும் சிஸ்டர். சின்ன வயசுலேர்ந்தே தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். எங்கம்மாவும் சாகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு நீங்க கேட்டப்ப நுனிநாக்கு வரைக்கும் வந்துச்சு. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரல."

"போன்லயாவது ஏதாவது தெரியலையாம்மா?"

"இங்கே இருக்கறவங்கதான் போனை அவர் காதுல வைச்சாங்க, எந்தக் காதுன்னு நான் யோசிக்கல. எந்தப் பேச்சுக்கும் சரிம்மா, சரிம்மான்னு மட்டும் சொன்னார். இல்லத்துல விட்டுட்டேன்னு என் மேல கோபம்னு நினைச்சேன். நேர்ல வந்திருக்கலாம். அவர் வீட்டுக்கு வரும்போது கூட இருக்கணுமேன்னு லீவையெல்லாம் சேர்த்து வைச்சேன்."

தப்பு என்னுடையது என்று சிஸ்டர் சொன்னார். இல்லை, என்னுடையது என்றாள் அவள். இருவரும் அதற்குமேல் அதைப் பங்கு போடவில்லை.

எங்கே இருப்பது என்று டிரைவரிடமே கேட்க வேண்டியிருந்தது. பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், என்றாலும் கேட்காமல் முடிவு செய்ய சிஸ்டர் விடவில்லை. உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

டிரைவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். "நான் வீட்டுக்குப் போனா இவ வேலையை விடணும். விடக் கூடாது" என்றார். "நான் இங்கேயே இருக்கேன்."

"அது பொண்ணுக்காகச் சொல்றது. உங்களுக்கு?"

"எனக்கும் இதுதான்னு வைச்சுக்குங்களேன், சிஸ்டர்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையை அடக்கப் போனவளுக்கு வேறு பேச்சு வந்தது. "கழிப்பறையில கைப்பிடி போட்டுட்டேன்பா. கட்டில்லேர்ந்து கதவு வரைக்கும் சுவர்லயும் கம்பி அடிச்சாச்சு. இப்ப அதையெல்லாம் என்ன பண்றது? கழட்டிடவா?"

சிஸ்டர் ஸ்டூலில் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டாதே" என்றார் டிரைவர். இந்தத் தடவை அவர் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார். "உனக்கு வயசாகாதா? இருக்கட்டும்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, அப்பாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவியபடி, அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமல், அந்தக் கம்பியைச் சுவரில் எந்த உயரத்தில் அடித்தார்கள், எத்தனை ஸ்குரூ போட்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்.